நந்தவனத்துக் குளத்தில் தாய்மீன்கள்

ஆக்சிஜன் மீட்டரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல கருவி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பண்ணையில் அது கிடையாது. பிறகு வந்தது, பாட்டரி வரவில்லை. பாட்டரி வந்தபோது அதைப் பூட்டி வைத்த பீரோவின் சாவியைக் காணவில்லை. இப்போது உங்களிடம் ஆளுக்கொன்று இருக்கிறது, சந்தோஷம். ஆனால் நீங்கள் இட்லி சாப்பிட்டு, தலை சீவி, வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு அதைக் குளத்தில் விட்டால், அந்த நேரத்துக்கு உள்ளதைத்தான் அது சொல்லும். விடியும்போது அந்த மீன்கள் என்ன பாடுபட்டன என்பது அதற்குத் தெரியாது.

மீன் பண்ணைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குக் கோடை வருவதற்கு முன்னால் ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவளிடம் பேனாவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் கேட்டுவிட்டார்கள். எத்தனையோ கோடைகளைப் பார்த்தவள்தான் என்றாலும் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சுண்ணாம்பு எவ்வளவு போடுவது, தீவனத்தை எப்போது குறைப்பது என்பதெல்லாம் உங்கள் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள்.

எங்கள் பண்ணை இருந்த ராஜபாளையத்தில், பக்கத்திலேயே மலை இருக்கிறது என்று பெருமை பேசுவார்கள். சித்திரை வந்தால் அந்த மலையும் நம்மோடு சேர்ந்து வேகும். தண்ணீர் சூடானால் அதில் காற்று தங்காது. இருக்கிற கொஞ்சத்தையும் ராத்திரி முழுக்க மீனும் பாசியும் குளத்தடியில் அழுகிக் கிடப்பதும் பங்கு போட்டுத் தீர்த்துவிடும். வெயில் ஏறிப் பாசி மறுபடி காற்று விடத் தொடங்கும்வரை குளத்தில் பஞ்சம்தான். கோடையில் மீன் சாவது பெரும்பாலும் உச்சி வெயிலில் இல்லை, விடியற்காலையில்.

எங்கள் பண்ணையில் கட்லாவும் ரோகுவுமாகத் தாய்மீன்கள் இருந்தன. முட்டைக்காகவே வருடக்கணக்கில் வைத்து வளர்க்கிற மீன்களைத் தாய்மீன் என்போம். அதில் ஆணும் உண்டு, பாவம், அதற்கும் அதே பெயர்தான். ஆனி, ஆடியில் சாரல் விழுந்து தண்ணீர் குளிர்ந்ததும் ஊசி போட்டு முட்டையிட வைப்போம். அந்தக் குஞ்சுகள்தான் தேவதானம், சுந்தரபாண்டியம் என்று சுற்று வட்டாரத்துப் பண்ணைக்குட்டைகளுக்கும் கண்மாய்களுக்கும் போகும். கோடையில் தாய்மீன் செத்தால் அந்த வருடம் குஞ்சு கிடையாது. விவசாயிகள் வெறும் குட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அடுத்த வருடமும் சந்தேகம்தான், ஏனென்றால் தாய்மீனைக் கடையில் வாங்க முடியாது.

அந்த வருடம் மழை பொய்த்தது. மாசியிலேயே எங்கள் போர்வெல் தண்ணீருக்குப் பதில் காற்றைத் துப்பியது. வெயில் முற்றிய பிறகு மீனை இடம் மாற்ற முடியாது, அதனால் நான் அப்போதே வேறு தண்ணீர் தேடி அலைந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு நந்தவனம் இருந்தது. துளசியும் நந்தியாவட்டையும் அரளியும் போட்ட தோட்டம், ஓரத்தில் நாலு பக்கமும் கல்படி வைத்த ஆழமான குளம், மேலே வேப்பமர நிழல். சொந்தக்காரர் பால்கோவா கடை வைத்திருந்தவர். கடையை மகன்களிடம் விட்டுவிட்டு, அவரும் அவர் வீட்டம்மாவும் நந்தவனத்திலேயே இருந்தார்கள். தினமும் விடியுமுன் துளசி பறித்து மாலை கட்டிக் கோயிலுக்குக் கொடுத்தனுப்புவது அவர் அப்பா காலத்திலிருந்து தவறாமல் நடக்கிற வழக்கம். நெற்றியில் திருமண் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. அந்த வீட்டில் முட்டை வாங்கிய நாள்கூடக் கிடையாது.

அப்படிப்பட்டவரிடம் போய் மீன் வளர்க்கக் குளம் கேட்டேன்.

"திங்கதுக்கா?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி, முட்டைக்கு."

"முட்டையத் திங்கதுக்கா?"

வீட்டம்மா சிரித்துவிட்டார். "ஏங்க, குஞ்சு பொரிக்கதுக்குச் சொல்லுதாக. நம்ம வீட்டு மாட்ட சினைக்கு விடுதோம்ல, அந்த மாதிரி."

அவர் குளத்தைப் பார்த்துக் கை நீட்டினார். "எங்க எடத்துல ஒரு உயிரு சாகப்படாது மேடம். தூண்டி, வலைன்னு ஒருத்தன் உள்ள வரப்படாது. சம்மதம்னா கொண்டாந்து விடுங்க" என்றார். சாகக்கூடாது என்பதுதான் என் கவலையும். எனவே ஒப்பந்தம் சுலபமாக முடிந்தது.

மீன்களைக் கொண்டுவந்து விட்ட ஒரு மாதத்துக்குள் நான் மேடத்திலிருந்து தங்கச்சி ஆகிவிட்டேன், அவர் வீட்டம்மா எனக்கு மதினி ஆகிவிட்டார். மீன்கள் பிள்ளைகள் ஆகிவிட்டன. இருப்பதில் பெரிய கட்லாவுக்குப் பெரியவ என்று பெயர். தவிடும் கடலைப் புண்ணாக்கும் ஒரு நேரம் போதும், வெயில் ஏற ஏற அதையும் குறைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். வாரம் ஒரு முறை பத்து, பதினோரு மணி வாக்கில் போய்ப் பார்ப்பேன். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. மீன் அடியில் கிடந்தது. மதினி கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

சித்திரையில் ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது.

"தங்கச்சி, எழுப்பிட்டனா? ஒரு நல்ல சேதி, அதான் பொறுக்க மாட்டாமக் கூப்பிட்டேன். நம்ம பிள்ளைக எம்புட்டுப் பழகிருச்சு தெரியுமா? விடிய நான் படியில கால வச்சா அம்புட்டும் மேல வந்து வாயத் தொறந்துக்கிட்டு நிக்கி. ஆளக் கண்டு ஓடக்கூட இல்ல. பெரியவ படிக்கே வந்து கேக்கா."

பாருங்கள், உலகத்திலேயே சந்தோஷமான குரலில் எனக்கு வந்த மிக மோசமான செய்தி அதுதான்.

"எத்தனை நாளா இப்படி நிக்குது அண்ணாச்சி?"

"நாலஞ்சு நாளாவே நிக்கி."

"ஏதாவது போட்டீங்களா?"

"வாயத் தொறந்து கேக்கும்போது போடாம எப்பிடி? வெயிலு இந்தப் போடு போடுது, புண்ணாக்கு சூடாக்கும்லா. தயிருஞ்சோறு பெசஞ்சு போடுதேன். நேத்து ஒரு அண்டா மோரும் ஊத்துனேன். பயப்படாதீக, உப்பு போடல."

உப்பு போடாததைத்தான் பெரிய ஜாக்கிரதையாகச் சொன்னார். அவர் மேல் கோபப்பட்டு என்ன செய்ய? பங்குனி, சித்திரை வந்தால் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு நீர்மோர் கொடுப்பார்கள். அவரும் நந்தவனத்து வாசலில் பானை வைத்து வழிப்போக்கர்களுக்கெல்லாம் ஊற்றுகிறவர். சூட்டில் தவிக்கும் உயிருக்கு மோரைத் தவிர வேறு மருந்து அவருக்குத் தெரியாது. அந்தப் பாலும் சோறும்தான் குளத்தடியில் புளித்து, மிச்சமிருந்த காற்றையும் குடித்துக்கொண்டிருந்தது. காற்றுக்காக மேலே வந்த மீன், பசிக்கு வந்ததாக அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பசிக்கு வந்ததாக நினைத்து அவர் இன்னும் போட்டார்.

எதுவும் போடாதீர்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வழியெல்லாம் எனக்கு அழுகை வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்தப் பெரியவளுக்கு ஒன்றென்றால் எனக்குத் தாங்காது. குஞ்சாக இருந்ததிலிருந்து வளர்த்தவள் நான்.

போய்ச் சேர்ந்தபோது அவர் படியில் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தார். நான் வரும்வரை போடாமல் காத்திருந்திருக்கிறார், ஆனால் சோறு தயாராகப் பிசைந்து இருந்தது. படியருகே புளித்த வாடை. தண்ணீருக்கு மேல் கட்லாவும் ரோகுவும் வாயை மூடி மூடித் திறந்தன. நான் குனிந்தபோது என் நிழல் மேலே விழுந்தும் ஒன்றும் நகரவில்லை. ஓட வேண்டிய மீன் ஓடவில்லை என்றால் அதற்கு ஓடத் தெம்பில்லை என்று அர்த்தம். ஒரு ரோகு பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது.

நான் தூக்குவாளியை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன்.

"கேக்குத உயிருக்குப் போடாதன்னா பாவம்லா தங்கச்சி" என்றார். கண் கலங்கியிருந்தது.

"அது சோறு கேக்கல அண்ணாச்சி. மூச்சு கேக்குது."

அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்தார்.

என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் கெட்டவர் அல்ல, எங்கள் யாரையும் கைவிட்டதில்லை. "உடனே லாரி அனுப்புறேன். அத்தனையையும் வலை போட்டு அள்ளி வேற பண்ணைக்கு மாத்திருங்க" என்றார். காகிதத்தில் எழுதினால் அதுதான் சரியான பதில். குளம் கெட்டுவிட்டது, மீனை எடு. ஆனால் அவர் கரையில் நிற்கவில்லை, நான் நின்றேன். மூச்சு வாங்கும் ஆளை எழுப்பி ஓடச் சொல்வது போன்ற காரியம் அது. வலையைக் கண்டால் மீன் இருக்கிற கடைசித் தெம்பையும் துள்ளித் தீர்த்துவிடும், லாரியில் ஏறுவது பிணம்தான்.

"சார், நான் வலை போட மாட்டேன்" என்றேன்.

"இருந்த இடத்துலயே செத்துச்சுன்னா?"

"என் பொறுப்பு."

அந்த இரண்டு வார்த்தை சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு நாள் உங்களுக்கும் தெரியவரும். ஆனாலும் சொல்லுங்கள் பிள்ளைகளே. நீங்கள் குளத்தின் கரையில் நிற்கும்போது, கரையில் இல்லாதவருடைய அவசரத்துக்காக எதையும் செய்யாதீர்கள்.

மோட்டாரைப் போடச் சொன்னேன். கிணற்றுத் தண்ணீரை அப்படியே குளத்தில் விட்டுப் பயனில்லை, அதிலும் காற்றுக் குறைவுதான். உயரத்திலிருந்து சிதறி விழ வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்தேன். கடைக்குப் பால் பாக்கெட் வரும் பிளாஸ்டிக் பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன, பக்கமெல்லாம் அடியெல்லாம் ஓட்டை. இரண்டை எடுத்து வேப்பங்கிளையில் கட்டி, அதற்குள் குழாயைச் சொருகினோம். அன்று பெட்டி எடுக்க வந்திருந்த கடைப் பால் வேன் டிரைவர் மரத்தில் ஏறிக் கட்டினான். தண்ணீர் ஓட்டை வழியாக மழை மாதிரி கொட்டியது. கொஞ்ச நேரத்தில் பெரியவளும் இன்னும் சிலதும் மெல்ல அந்தக் கொட்டும் இடத்துக்குக் கீழே போய் நின்றன. அதைப் பார்த்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

ஆனால் கிணற்றில் அன்று துளசிக்குப் பாய்கிற அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது. குளத்துக்குக் கொடுத்தால் தோட்டத்துக்கு இல்லை. தோட்டம் காய்ந்தால் கோயிலுக்கு மாலை இல்லை. எனக்கு ஒரு வழி தெரிந்தது. தோட்டம் குளத்தைவிடத் தாழ்வாக இருந்தது. குளத்தடியில் புளித்துக் கிடக்கும் தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சித் துளசிக்குப் பாய்ச்சிவிட்டு, கிணற்றுத் தண்ணீர் முழுவதையும் குளத்தில் கொட்டினால் இரண்டும் பிழைக்கும். ஒரே தண்ணீர் இரண்டு வேலை செய்யும்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"மீனு கெடந்த தண்ணியவா? பெருமாள் கழுத்துக்குப் போற துளசிக்கு, அந்தத் தண்ணியவா தங்கச்சி?"

நான் வாதாடவில்லை. தண்ணீரில் மீனின் கழிவு நல்ல உரம் என்று விளக்க ஆரம்பித்தால் அவர் இன்னும் பதறுவார் என்று தெரியும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, கிணறு இறங்கிக்கொண்டிருந்தது. அவர் துளசிப் பாத்தியைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். அந்த மனிதரை அப்படி ஒரு இடத்தில் நிறுத்திவிட்டேனே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அதே நேரம் வேறு வழியும் தெரியவில்லை.

மதினிதான் பேசினார். அதுவரை அரளிச்செடி ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர்.

"ஏங்க, பெருமாளு எடுத்த மொத அவதாரம் என்னது?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"மீனாத்தான வந்தாரு? அவரு அன்னைக்கு நீந்துன தண்ணிய யாரு தீட்டுன்னா? இன்னைக்கு மட்டும் என்ன புதுசா?" என்றார் மதினி. சொல்லிவிட்டு, அதில் விசேஷமாக ஒன்றுமே இல்லை என்பது போலத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போய்விட்டார். தயிர்ச்சோறு மாட்டுக்குப் போனது.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்து, துளசிப் பாத்திக்குப் போகும் வாய்க்காலை அவரே வெட்டித் திறந்துவிட்டார்.

வெயில் ஏறியதும் மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. நான் அங்கிருந்து நகரவில்லை. பகலில் தெளிந்தால் ஆபத்து போய்விட்டது என்று வீட்டுக்குப் போகிறவர்கள்தான் மறுநாள் காலையில் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். அடுத்தடுத்த நாட்கள் கிழக்கு வெளுக்கும் முன்பே நான் படியில் இருந்தேன், அண்ணாச்சி எனக்கு முன்பே மோட்டாரைப் போட்டிருந்தார். ஒரு வாரத்துக்கு ஒரு பருக்கைகூடப் போடவில்லை. மீன் பட்டினியால் சாகாது என்று அவரை நம்ப வைத்தது அந்தக் கோடையில் நான் செய்த வேலைகளிலேயே பெரிய வேலை. சாய்ந்து மிதந்த ரோகு மட்டும் பிழைக்கவில்லை. அவர் இடத்தில் ஒரு உயிர் சாகக்கூடாது என்று கேட்டவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே அதை எடுத்து நந்தியாவட்டைக்கு அடியில் புதைத்துவிட்டு வந்தார். துளசி மட்டும் அந்த வருடம் இடுப்புயரம் வளர்ந்தது. காரணத்தை அவர் ஒருநாளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆனியில் சாரல் வந்தது. எங்கள் பண்ணையில் தண்ணீர் சேர்ந்தது, மீன்களை அழைத்துப்போக வந்தேன். அண்ணாச்சிதான் கேட்டார், "வேலை முடிஞ்ச பொறவு திரும்பக் கொண்டாந்து விட்ருவியள்லா?"

இந்த இடத்தில் பொய் சொல்லியிருக்கலாம். பார்க்கலாம் அண்ணாச்சி என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நாலு மாதம் தன் குளத்தையும் கிணற்றையும் கொடுத்தவரிடம் அது முடியவில்லை. இளசுகள் பண்ணையிலேயே இருக்கும், வயதானவற்றை இந்த முறை முட்டை எடுத்ததும் ஏலத்தில் விடுவோம், அதுதான் எங்கள் விதி என்றேன்.

"ஏலத்துல ஆரு எடுப்பா?"

"மீன் யாவாரிக."

அவர் குளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். மதினி என்னைப் பார்த்த பார்வை எனக்குச் சங்கடமாக இருந்தது. மேலதிகாரியிடம் மாட்டேன் என்று சொன்னதைவிட இதுதான் கடினமாக இருந்தது.

அந்தப் பருவத்தில் குஞ்சு நன்றாகவே கிடைத்தது. கேட்ட விவசாயிக்கெல்லாம் கொடுத்தோம். பெரியவள்தான் அதிகம் முட்டையிட்டாள்.

ஆவணியில் ஏலம். வயதான மீன்களைக் கரையோரம் வலைத்தொட்டியில் விட்டிருந்தோம். ராஜபாளையம் மார்க்கெட் வியாபாரிகள் ஐஸ் பெட்டி கட்டிய வண்டிகளோடு வந்து நின்றார்கள். ஏலம் கூறுவது நான். முதல் விலையைச் சொல்லி வாயை மூடவில்லை, பால் வேன் ஒன்று உள்ளே வந்தது. பின்பக்கம் தார்ப்பாய் விரித்து நிறையத் தண்ணீர். முன்னாலிருந்து திருமண்ணோடு அண்ணாச்சி இறங்கினார்.

வியாபாரிகளில் வாய்த்துடுக்கான ஒருவர், எல்லோருக்கும் அவர்தான் தலைவர் மாதிரி, "அண்ணாச்சி, வழி தப்பி வந்துட்டியளா? பால் சொசைட்டி அங்கிட்டு" என்றார்.

"மீனு எடுக்க வந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். "என்னைக்கு இருந்து அண்ணாச்சி திங்க ஆரம்பிச்சீக?"

"ஏலே, திங்கதுக்கு இல்ல. வச்சுப் பாக்கதுக்கு" என்றார். என் பக்கம் திரும்பி, நான் சொன்னதற்கு மேல் ஒரு விலை சொன்னார். யாரும் பதில் சொல்லவில்லை. தன் குரல் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் கூட்டிச் சொன்னார்.

"அண்ணாச்சி, நீங்க கேட்ட வெலைய நீங்களே ஏத்தாதீக. செத்த சும்மா நில்லுங்க" என்றார் அந்த வியாபாரி. அவர் சிரிப்பு போய்விட்டிருந்தது. வலைத்தொட்டியைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார். பிறகு தன் ஆட்களைப் பார்த்து, "ஆரும் கேக்காதீக" என்றார்.

ஒரு தரம் என்றேன். ஏலம் கூறுகிறவள் என்ற முறையில் எல்லோர் முகத்தையும் பார்த்துக் காத்திருந்தேன். ரெண்டு தரம். வியாபாரிகள் எல்லோரும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூணு தரம் என்று சொல்லி ஏலத்தை முடித்தேன்.

வியாபாரிகளே இறங்கி, ஈரச் சாக்கில் ஏந்தி ஏந்தி மீன்களை வேனில் விட்டார்கள். கடைசியாகப் பெரியவளை விட்டபோது அண்ணாச்சி தண்ணீருக்குள் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

"தங்கச்சி, இனி இதுகளுக்கு ஊசி கீசின்னு போட வர மாட்டியள்லா?"

"மாட்டோம் அண்ணாச்சி."

"முட்ட போட்டுத்தான் ஆகணும்னு இல்லைல்லா?"

"இல்ல. சும்மா இருக்கலாம்."

அவர் தலையை ஆட்டினார். முன்னால் உட்காராமல் பின்னாலேயே ஏறி, தார்ப்பாய் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு டிரைவரைப் பார்த்துச் சொன்னார்.

"ஏலே, பள்ளம் பாத்து மெள்ள ஓட்டு. பெத்தவளுக இருக்காளுக."